பதினேழு நாள் அடிக்காத மணி

கோமதிநாயகம் மலையேறி வந்தபோது அவருக்கு ஐம்பத்தாறு வயது. தாண்டவ சாமிக்கு அறுபது. குருவுக்கும் சிஷ்யருக்கும் நாலு வயதுதான் வித்தியாசம் என்பதால், காலில் விழும்போது இருவருக்குமே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஒருவர் குனியச் சிரமப்பட்டார். மற்றவர் தூக்கிவிடச் சிரமப்பட்டார்.

மடம் என்று சொல்வதெல்லாம் ஒரு மரியாதைக்குத்தான். ஓடு வேய்ந்த நாலு அறைகள், ஒரு காய்கறித் தோட்டம், கொஞ்சம் மேலே ஏறினால் ஒரு சுனை. அங்கே சாமியும் மூன்று சிஷ்யர்களும் இருந்தார்கள். வாசலில் இருந்த வேப்பங்கிளையில் ஒரு தண்டவாளத் துண்டைக் கம்பி கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அதுதான் மடத்து மணி.

கோமதிநாயகம் வந்ததும் முதலில் பார்த்தது அதைத்தான்.

"இதை எத்தனை தடவை அடிப்பீங்க, சாமி?"

"ஒரு நாளைக்கு ஆறு தடவை."

கோமதிநாயகத்தின் முகம் வாடிவிட்டது.

அதற்குக் காரணம் இருந்தது. முப்பத்திரண்டு வருஷம் அவர் நூல் மில்லில் வேலை பார்த்தவர். மில் சங்கு ஊதினால் எழுந்து, சங்கு ஊதினால் சாப்பிட்டு, சங்கு ஊதினால் வீட்டுக்கு வந்தவர். தம்பி கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து பாதி சாப்பாட்டில் இருக்கும்போது தூரத்தில் சங்கு ஊத, இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டார். பாயசம் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. மில்லை மூடிய அன்று மற்றவர்கள் அழுதார்கள். அவர் மட்டும் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார்.

இதையெல்லாம் சாமி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"சங்கு நின்ன பிறகு நல்லா இருந்தீங்களா?"

"ஒரு மாசம் ரொம்ப நல்லா இருந்தேன் சாமி."

"அப்புறம்?"

அப்புறம் நடந்ததைக் கோமதிநாயகம் சொல்லவில்லை. பதினோரு மணிக்கு எழுந்தது, சவரம் செய்ய மறந்தது, சாப்பிட்டாயிற்றா என்று மருமகளிடமே கேட்டது, காரணமில்லாமல் பேரன்மேல் எரிந்து விழுந்தது, சாயங்காலம் செருப்பைப் போட்டுக்கொண்டு எங்கே போவது என்று தெரியாமல் வாசலிலேயே நின்றது. இவ்வளவையும் அவர் கடவுளைத் தேடும் ஏக்கம் என்று முடிவு செய்திருந்தார். அந்த முடிவோடுதான் மலையேறியிருந்தார்.

"அப்புறம் இங்க வந்துட்டேன்" என்றார்.

சாமி சிரித்தார். அவர் சிரித்தால் தோள் குலுங்கும், சத்தம் வராது.

மடத்தின் நாள் இப்படிப் போகும். முதல் மணிக்கு எழுந்து முற்றம் கூட்ட வேண்டும். இரண்டாம் மணிக்குச் சுனைத் தண்ணீர். மூன்றாம் மணிக்குக் கஞ்சி. நான்காம் மணிக்குக் கண்மூடி உட்கார வேண்டும். ஐந்தாம் மணிக்குத் தோட்டம். ஆறாம் மணிக்கு விளக்கேற்றிவிட்டுச் சாமி பேசுவார். அந்தப் பேச்சுக்காகத்தான் கோமதிநாயகம் மற்ற ஐந்து மணியையும் பொறுத்துக்கொண்டார். சாமி பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். எதையும் சுற்றி வளைக்காமல் சொல்வார். கேட்டுக்கொண்டிருந்தால் மனதில் உள்ள கட்டி கரைகிற மாதிரி இருக்கும்.

வந்து ஒரு வாரம் ஆனதும் கோமதிநாயகத்தால் அடக்க முடியவில்லை. கேட்டேவிட்டார்.

"சாமி, நீங்க வீட்டை விட்டீங்க. வேலையை விட்டீங்க. சொந்தபந்தத்தை விட்டீங்க. இந்த மணியை மட்டும் ஏன் விடல?"

அந்த நேரம் பார்த்து இரண்டாம் மணி அடித்தது.

சாமி எழுந்தார். மூலையில் இருந்த குடத்தைக் கையால் தொட்டார். "மணி அடிச்சாச்சு. இது குடம். சுனைக்குப் போகணும்" என்று மெதுவாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். குடத்தை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார்.

கோமதிநாயகம் பதிலுக்காகக் காத்திருந்தார். பதில் வந்துவிட்டது என்பது அவருக்குத் தெரியவில்லை.

சாமி எல்லா வேலைக்கும் அப்படித்தான் செய்வார். மணி அடித்ததும் கைக்கு வேண்டிய பொருளைத் தொடுவார். அதன் பெயரைச் சொல்வார். என்ன செய்யப்போகிறோம் என்பதையும் சொல்வார். அதன் பிறகே அந்த வேலையைச் செய்வார்.

சிஷ்யர்களில் தில்லைநாதன் என்று ஒருவர் இருந்தார். நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சாமி தும்மினாலும் நோட்டில் தேதி போட்டு எழுதிவைப்பவர். சாமி பொருள்களைத் தொட்டுப் பெயர் சொல்வது மிக உயர்ந்த ஒரு பயிற்சி என்று அவர்தான் கண்டுபிடித்துச் சொன்னார். செய்கிற காரியத்தில் மனம் முழுவதும் நிற்பதற்கான வழியாம். எல்லாருக்கும் அது பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து நாலு பேரும் வெண்டைக்காயைத் தொட்டு, "இது வெண்டைக்காய், பறிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் பறித்தார்கள். தினமும் பால் கொண்டுவரும் ஆவுடையம்மாள் இதைப் பார்த்துவிட்டு வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு போவாள்.

ஆறு மாதம் கழித்து மணி அடிக்கும் பொறுப்பைச் சாமி கோமதிநாயகத்திடமே கொடுத்தார்.

"எனக்கா சாமி?"

"முப்பத்திரண்டு வருஷம் நேரம் தவறாதவர் நீங்க. இங்க வேற யாரை நம்புறது?"

கோமதிநாயகம் மனதுக்குள் நொந்துகொண்டார். ஆனாலும் ஒரு வருஷம் ஒழுங்காக அடித்தார். அந்த ஒரு வருஷத்தில் அவர் தூக்கம் வந்து தூங்கினார், பசித்துச் சாப்பிட்டார், யார்மேலும் எரிந்து விழவில்லை. மலைக்காற்று ஒத்துக்கொண்டது என்று மகனுக்குக் கடிதம் எழுதினார்.

ஒரு நாள் தோட்டத்தில் இருந்து வரும்போது சாமி அவரைத் தனியாக நிறுத்தினார்.

"கோமதிநாயகம், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"சொல்லுங்க சாமி."

"எது எப்படிப் போனாலும் மணியை மட்டும் நிறுத்திராதீங்க. எனக்கு அது வேணும்."

அவ்வளவுதான் சொன்னார். குரலில் கெஞ்சல் இருந்தது. சொல்லிவிட்டுக் கோமதிநாயகத்தின் கையை ஒரு தரம் இறுகப் பிடித்தார்.

குரு சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்ளாதது சிஷ்யர்களுக்கு உள்ள தொழில் நோய். ஒரு பால்காரியிடமோ கடைக்காரரிடமோ சாமி இதைச் சொல்லியிருந்தால் "சரி சாமி" என்று சொல்லியிருப்பார்கள், அதோடு முடிந்திருக்கும். கோமதிநாயகம் மூன்று நாள் யோசித்தார். எல்லாவற்றையும் விட்டவர், ஒரு இரும்புத் துண்டின் சத்தம் தனக்கு வேண்டும் என்று கெஞ்சுவாரா? இதற்குள்ளே ஏதோ இருக்கிறது. போய்த் தில்லைநாதனிடம் கேட்டார்.

தில்லைநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குரு ஒன்றை அழுத்திச் சொன்னால், சிஷ்யன் அதை மீறுகிற துணிச்சலுக்காகக் காத்திருக்கிறார் என்று அர்த்தம் என்றார். கட்டு எது என்று காட்டிவிட்டார், அறுக்க வேண்டியது உங்கள் பொறுப்பு என்றார். எங்கே படித்தாரோ தெரியாது.

உண்மையைச் சொன்னால், கோமதிநாயகத்துக்கு அந்த அர்த்தம் பிடித்திருந்தது. தனக்குப் பிடித்த அர்த்தத்தைத் தேடிக்கொண்டு போனவருக்கு அது கிடைத்தது.

ஐப்பசி மழையில் சாமிக்குக் காய்ச்சல் வந்தது. நாலு நாள் கண் திறக்கவில்லை. தூங்குகிற மனிதரின் காதருகே இரும்பை அடிக்க வேண்டாம் என்று கோமதிநாயகம் மணியை நிறுத்தினார். அந்த நாலு நாளுக்கு அவரை யாரும் குறை சொல்ல முடியாது.

ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. விடிந்ததும் கோமதிநாயகம் மணி அடிக்கும் இரும்புக் கம்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனார். ஓங்கினார். பிறகு கையை இறக்கிக் கம்பியை மரத்தில் சாய்த்து வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். நடக்கும்போது நெஞ்சு லேசாக இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாகத் தானே ஒரு சங்கை நிறுத்தியிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார்.

யாரும் எதுவும் கேட்கவில்லை. மற்றவர்கள் வெயில் ஏறும்வரை தூங்கினார்கள். நன்றாகத்தான் இருந்தது.

சாமி அவர் பாட்டுக்கு எழுந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தார். காய்ச்சல் விட்ட அன்று விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு முற்றத்தின் நடுவில் வந்து நின்றார். கூட்டவில்லை. கையில் இருப்பதையே பார்த்துக்கொண்டு நின்றார். அதை அவர் கையிலிருந்து வாங்கிச் சுவரோரம் வைத்தது கோமதிநாயகம்தான். "உடம்பு தேறட்டும், நாங்க பாத்துக்கிடுதோம்" என்று கட்டிலில் கொண்டுபோய் உட்காரவைத்தார்.

"இப்ப என்ன?" என்று சாமி கேட்டார்.

"ஒண்ணுமில்ல சாமி. சும்மா இருங்க."

சாமி கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு மறுபடியும் கேட்டார்.

"இப்ப என்ன?"

அன்று மட்டும் நாற்பது ஐம்பது தடவை கேட்டிருப்பார். தில்லைநாதன் நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். சாமி பேச்சையெல்லாம் கடந்துவிட்டார், இனி இந்த ஒரே கேள்விதான் உபதேசம் என்று எழுதினார். சனிக்கிழமை மலைக்கு வந்த ஊர்க்காரர்களிடமும் சொன்னார். அவர்கள் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து சாமியின் வெறித்த பார்வையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒரு பெண் விசும்பி அழுதாள். கோமதிநாயகத்துக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மணி என்ற கட்டை அறுத்துவிட்டது தன் கைதான் என்று அவருக்குத் தெரியுமல்லவா.

சாமி ஒரு நாள் இரண்டு தடவை கஞ்சி குடித்தார். மறுநாள் குடிக்கவே இல்லை. வேட்டியைக் கட்ட மறந்து துண்டோடு வெளியே வந்தார். தோட்டத்துக்குப் போகிறவர் சுனைப்பாதையில் நடந்தார். எதைத் தொட்டும் பெயர் சொல்லவில்லை. விளக்கேற்றியதும் பேசவில்லை. எல்லாவற்றுக்கும் தில்லைநாதனிடம் விளக்கம் இருந்தது.

ஆவுடையம்மாள் மட்டும் ஒரு நாள் பால் செம்பை இறக்கிவைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். சாமி என்னைப் பார்த்து நீ யாரும்மா என்று கேட்கிறார் என்று தில்லைநாதனிடம் சொன்னாள்.

'யார்' என்ற கேள்வியைத்தான் எல்லா ஞானிகளும் கேட்கிறார்கள் என்று தில்லைநாதன் அவளுக்கு எடுத்துச் சொன்னார். அவள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

மணி நின்ற பதினேழாம் நாள் காலையில் கட்டில் காலியாக இருந்தது.

சுனையில் தேடினார்கள். தோட்டத்தில் தேடினார்கள். பாறைக்குப் பின்னால் பள்ளம் இருக்கிற பக்கமும் எட்டிப் பார்த்தார்கள். பிறகு கோமதிநாயகம் ஒருவராகவே மலையிறங்கி ஓடினார். செருப்பு எங்கே கழன்றது என்று தெரியவில்லை.

அடிவாரத்தில் பேருந்து நிற்கும் இடத்தில் சிமெண்டுப் பெஞ்சில் சாமி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஆவுடையம்மாள், பால் கேனைக் காலடியில் வைத்துக்கொண்டு, அவர் துண்டின் நுனியைக் கையில் சுற்றிப் பிடித்திருந்தாள். அவர் ஏறப் பார்த்த மூன்று பேருந்துகளிலும் ஏறவிடாமல் அவள் அப்படியே பிடித்து நிறுத்தியிருந்தாள்.

"சாமி, எங்க கிளம்பிட்டீங்க?"

சாமி அவரைப் புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். மரியாதையாகவே பதில் சொன்னார்.

"பள்ளிக்கூடத்துக்குப் போகணும். நேரமாயிட்டுது."

"எந்தப் பள்ளிக்கூடம் சாமி?"

"இருந்த இடத்துல மணியே அடிக்கல. உக்காந்து உக்காந்து பாத்தேன். அங்க அடிச்சிருப்பாங்க."

கோமதிநாயகம் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஆவுடையம்மாள் தாழ்ந்த குரலில் பேசினாள்.

"சாமிக்கு ரெண்டு வருசமாவே நெனப்பு நிக்கல அண்ணாச்சி. உங்களுக்குத் தெரியாதாக்கும்?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அவுகளே சொன்னாக. மூணாம் மணிக்கு வாரது ஆவுடைன்னு மனசுல வச்சிருக்கேன், நேரம் மாத்தி வந்துராதம்மா, வேற யாரோன்னு நெனச்சிருவேன்னு. மழையானாலும் வெயிலானாலும் நான் நேரம் மாத்துனதில்ல. நீங்கதான் மணியை நிறுத்திப்புட்டீகளே."

அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். அவ்வளவு படித்தவர்களுக்கு இது தெரியாமல் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அந்தக் குடத்தைத் தொடுவதும் பெயர் சொல்வதும் எதற்கு என்று மடத்தில் எல்லாருக்கும் தெரியும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

திரும்பி ஏறும்போது சாமி கோமதிநாயகத்தின் தோளைப் பிடித்துக்கொண்டார். பாதி வழியில் ஒரு பாறையில் உட்கார்ந்தார்கள். வெயில் வந்திருந்தது. சாமியின் கண்ணில் ஒரு தெளிவு வந்து நின்றது. மேலே மடத்தின் ஓட்டைப் பார்த்தார். பிறகு சிஷ்யரைப் பார்த்தார்.

"கோமதிநாயகம்" என்றார்.

பெயரைக் கேட்டதும் கோமதிநாயகத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"சாமி, இப்படி இருக்குன்னு ஏன் எங்ககிட்ட சொல்லல?"

"சொன்னேனே."

"எப்ப சாமி?"

"மணியை நிறுத்தாதீங்கன்னு சொன்னேனே."

சாமி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று கோமதிநாயகத்துக்கு இருந்தது. அந்தத் தெளிவு மடம் வந்து சேரும்வரைகூட இருக்கவில்லை. அதுதான் சாமி அவர் பெயரைச் சொன்ன கடைசித் தடவை.

அன்றே கூட்டிக்கொண்டு போனபோது டவுனில் இருந்த டாக்டர் நிறையக் கேள்விகள் கேட்டார். அன்றாடம் என்னென்ன செய்வார் என்று கேட்டார். மடத்தின் ஆறு மணிகளையும் பற்றிக் கோமதிநாயகம் சொல்லச் சொல்ல, எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். இந்த நோய்க்கு மருந்து பெரிதாக ஒன்றும் இல்லை என்றார். பழகின வேலை, பழகின நேரம், இதை வைத்துத்தான் இவ்வளவு நாள் தாக்குப் பிடித்திருக்கிறார், யாரோ விவரம் தெரிந்து ஏற்பாடு செய்திருக்கிறார்கள் என்றார்.

"அவரேதான் ஏற்பாடு பண்ணிக்கிட்டாரு" என்றார் கோமதிநாயகம்.

"நடுவுல ஏதாவது மாறிச்சா?"

கோமதிநாயகம் சொன்னார். டாக்டர் தலையைக் குனிந்துகொண்டு, இனிமேலாவது மாற்றாதீர்கள் என்றார். போனதில் எவ்வளவு திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார்.

மறுநாள் விடியலில் மணி அடித்தது. அன்றிலிருந்து ஒரு நாளும் தப்பவில்லை.

கொஞ்சம் திரும்பியது. ஒரு வாரத்தில் சாமி முற்றம் கூட்டினார். இருபது நாளில் சுனைக்குப் போய் வந்தார், கோமதிநாயகம் பின்னால் போனார். மூன்றாம் மணிக்கு வருகிற பெண்மணியைப் பார்த்து ஒரு நாள் "வாம்மா ஆவுடை" என்றார். அன்று அவள் பாலை அளக்காமல் முழுச் செம்பையும் ஊற்றிவிட்டுப் போனாள்.

பேச்சு திரும்பவில்லை. ஆறாம் மணி அடித்ததும் விளக்கேற்றுவார்கள், எல்லாரும் வந்து உட்காருவார்கள், சாமியும் உட்காருவார். யாரும் பேசமாட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து போவார்கள். எந்தப் பேச்சுக்காகக் கோமதிநாயகம் மற்ற மணிகளைப் பொறுத்துக்கொண்டாரோ, அந்தப் பேச்சு அந்தப் பதினேழு நாளில் எங்கோ போய்விட்டது. தில்லைநாதன் நோட்டைப் பரணில் போட்டுவிட்டார். வெண்டைக்காயைத் தொட்டுப் பெயர் சொல்வதையும் எல்லாரும் விட்டுவிட்டார்கள். இப்போது சாமி மறந்துபோகும்போது மட்டும், பக்கத்தில் நிற்கிறவர் குடத்தைத் தொட்டு, "இது குடம் சாமி. சுனைக்குப் போகணும்" என்று சொல்வார்.

கோமதிநாயகத்தையும் சாமிக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு நாளும் நீங்கள் யார் என்று கேட்பார். கோமதிநாயகம் தன் பெயரைச் சொல்வார். சொல்லிவிட்டு, "என்னை மன்னிச்சிருங்க சாமி" என்பார். எதற்கு என்று தெரியாவிட்டாலும் சாமி அவர் தலையில் கைவைத்து, "அதனால என்ன, மன்னிச்சாச்சு" என்பார். மறுநாள் மறுபடியும் நீங்கள் யார் என்று கேட்பார்.

ஒன்றரை வருஷம் இப்படிப் போயிற்று.

ஒரு தை மாதத்துப் பிற்பகலில் இருவரும் தோட்டத்தில் களையெடுத்துக்கொண்டிருந்தார்கள். சாமியின் கை தன்போக்கில் வேலை செய்தது. கீரை எது, களை எது என்று அந்தக் கைக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. சாமி பக்கத்தில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க யாரு?"

அன்று ஏனோ கோமதிநாயகத்துக்குப் பெயரைச் சொல்ல மனம் வரவில்லை.

"இங்க மணி அடிக்கிறவன் சாமி."

"நல்ல வேலை" என்றார் சாமி.

"அதுல நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

"என்ன தப்பு?"

"ஒரு தடவை அடிக்காம நிறுத்திட்டேன். பதினேழு நாளு."

"மறந்துட்டீங்களா?"

"இல்ல. வேணும்னேதான் நிறுத்தினேன். அதான் நல்லதுன்னு நினைச்சேன்."

"யாருக்கும் கஷ்டம் வந்துச்சா?"

கோமதிநாயகம் கையில் இருந்த களையை மண் உதிர உதறினார்.

"ஒருத்தருக்கு வந்துச்சு. அவரு அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடந்துட்டிருந்தாரு. எனக்கு அது தெரியல. அவரு என்கிட்ட சொல்லியும் இருந்தாரு."

"இப்ப எப்படி இருக்கார்?"

"நடக்காரு. சாப்பிடுதாரு. என்னைத்தான் யாருன்னு தெரியல."

சாமி களைக்கொத்தைக் கீழே வைத்தார். பாத்திக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் இந்த மனிதரின் துக்கம் அவருக்குப் புரிந்தது. அது யாரைப் பற்றிய துக்கம் என்பது புரிந்ததா என்று முகத்தைப் பார்த்தால் சொல்ல முடியவில்லை.

"அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டீங்களா?"

"தினமும் கேக்கேன் சாமி. அவரும் தினமும் மன்னிச்சிருதாரு. ஆனா மறுநாள் பாத்தா, நான் கேட்டதும் அவருக்கு ஞாபகம் இல்ல, அவரு மன்னிச்சதும் ஞாபகம் இல்ல. எத்தனை நாள் கேட்டாலும் எனக்குத் தீர மாட்டேங்குது. நான் என்னதான் செய்ய?"

சாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். பழைய கணக்கு வாத்தியார், ஒரு பையன் கரும்பலகை முன்னால் திணறி நிற்கும்போது பார்ப்பதுபோல இரக்கமாகப் பார்த்தார்.

"அப்ப மன்னிப்புக் கேக்கிறதை விட்ருங்க. அது அவர்கிட்ட நிக்காது. நேரத்துக்கு மணி அடிங்க. அது அவருக்குக் கேக்கும்."